பங்குனி ஆமையும் எங்க மாடி விளக்கும்

பெசன்ட் நகர் என்றால் என்ன ஞாபகம் வரும்? எலியட்ஸ் பீச், மிளகாய் பஜ்ஜி, அஷ்டலட்சுமி கோயில், கடல் பார்த்த பெரிய பெரிய வீடுகள். அந்த வீடுகளை ஒட்டியே ஊரூர் குப்பம். மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்வதைத்தான் புத்தகத்தில் ஆலிவ் ரிட்லி என்கிறார்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை தாய் ஆமை இரவில் கரையேறி, ஒன்றரை அடி குழி தோண்டி, நூறு முட்டை போலப் போட்டு மூடிவிட்டுப் போய்விடும். திரும்பியே பார்க்காது! 45 முதல் 60 நாளில் மணல் சூட்டிலேயே பொரியும். (சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் என்று டீச்சர் சொன்னதும் வகுப்பே சிரித்தது.)

குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று யார் சொல்வது? இருட்டில் கரையைவிடக் கடல்பக்கம்தான் வெளிச்சம். அதைப் பார்த்து ஓடும். நம்ம ஏரியாவிலோ தெருவிளக்கும் மாடி விளக்கும் கடலைவிடப் பளிச். குஞ்சு ரோட்டுக்கு வந்துவிடும். அங்கே நாய், காக்கா, கார் சக்கரம்.

அதனால்தான் 1988 முதல் மாணவர்கள் நடத்தும் ஆமைப் பாதுகாப்புக் குழு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி நடந்து, முட்டைகளை எடுத்து வேலி போட்ட இடத்தில் புதைக்கிறது. மாசியில் அப்பாவோடு நானும் போனேன். அவ்வளவு தூரம் நடந்தும் ஒரே ஒரு குழிதான். "டார்ச் அடிக்காதே தம்பி" என்று ஒரு அண்ணா நாலு தடவை சொன்னார்.

பெசன்ட் நகர் நெருங்கும்போது ஒரு மொட்டைமாடி விளக்கு மட்டும் தனியாகத் தெரிந்தது. பார்த்தால் எங்க பிளாட்! செயலாளர் அங்கிளிடம் கேட்டேன். "திருட்டு பயம்பா. எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கிட்டு வா, அணைச்சிடலாம்" என்றார். இருபது வீட்டில் பதினொன்று ஆச்சு. மீதியில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் நம் பள்ளிதான். மதிய இடைவேளையில் நோட்டோடு வருகிறேன்.