முதியோர் நம் வீட்டில் இருக்கிறார்கள், நம்மோடு இருக்கிறார்களா?

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



பெற்றோரைப் பேணுவது பற்றி வருடத்தில் நாலைந்து முறையாவது இந்த மிம்பரிலிருந்து கேட்கிறோம். கேட்கும்போது கண் கலங்குகிறது. வீட்டுக்குப் போனதும், "நேரத்துக்குச் சோறு கொடுக்கிறோம், மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம், நம் மீது ஒரு குறையும் இல்லை" என்று நினைத்துக்கொள்கிறோம். இன்று அந்த நினைப்பைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

'உன்னிடத்தில்' என்ற ஒரு சொல்

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் (17:23, 24) அல்லாஹ் தன்னை மட்டுமே வணங்கக் கட்டளையிட்ட கையோடு பெற்றோருக்கு உபகாரம் செய்யவும் கட்டளையிடுகிறான். அவர்களில் ஒருவரோ இருவருமோ முதுமையை அடைந்தால் 'உஃப்' என்ற சொல்லைக்கூடச் சொல்லக் கூடாது, விரட்டக் கூடாது, கண்ணியமாகப் பேச வேண்டும், பணிவு காட்ட வேண்டும், அவர்களுக்காக துஆ செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறான்.

இந்த வசனத்தில் 'இந்தக' என்று ஒரு சொல் வருகிறது. 'உன்னிடத்தில்' என்று பொருள். முதுமை வரும்போது அவர்கள் உன்னிடத்தில் இருக்கிறார்கள். இளமையில் நாம் அவர்களிடத்தில் இருந்தோம். இப்போது அவர்கள் நம்மிடத்தில் இருக்கிறார்கள்.

ஒரே கூரையின் கீழ் இருப்பது மட்டும் நம்மிடத்தில் இருப்பது ஆகிவிடுமா? பின் அறையில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, மூன்று வேளை தட்டு. வீட்டில் நடக்கும் கல்யாணப் பேச்சு அவருக்குத் தெரியாது. வந்த விருந்தாளி யாரென்று தெரியாது. "உங்களுக்கு எதுக்கு வாப்பா அதெல்லாம், பேசாம படுங்க" என்று சொல்லிவிடுகிறோம். நாம் வாயால் 'உஃப்' சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்க அவர் கேட்பது அதைத்தான்.

கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்

என் சொந்த விஷயத்தைச் சொல்கிறேன். என் வாப்பா சுபுஹு ஜமாஅத்தைத் தவறவிடாதவர். எழுபத்தாறு வயதில் திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஊருக்கெல்லாம் பயான் செய்கிற நான், "இந்த வயசுலயா வாப்பா சோம்பல்?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

சில மாதங்கள் கழித்து என் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சிறுநீர் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒளு நிற்கவில்லை. பள்ளியின் விரிப்பு அசுத்தமாகிவிடுமோ என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டார். ஆலிமான மகனிடம் சொல்ல வெட்கம். நானும் கேட்கவில்லை, முடிவு செய்துவிட்டேன். 'உஃப்' சொல்லாதவன் அதைவிடக் கடுமையானதைச் சொல்லிவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

இதே வெட்கத்தோடு வீட்டில் முடங்கியிருப்பவர்கள் இருக்கலாம் என்பதால் அந்த மஸ்அலாவைச் சொல்கிறேன். தொடர்ந்து கசிவு உள்ளவர் தொழுகையின் நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, கசிவு வெளியே பரவாதபடி துணியோ பேடோ வைத்துக்கொண்டு, ஒளு செய்து ஃபர்ளு தொழலாம். தொழும்போது கசிந்தாலும் அவருடைய தொழுகை கூடும். பள்ளி அசுத்தமாகாது என்ற பாதுகாப்பு இருந்தால் ஜமாஅத்துக்கும் வரலாம். மத்ஹபுகளில் விவரங்கள் சிறிது வேறுபடும்; உங்கள் இமாமிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மார்க்கம் அவர்களை வீட்டில் அடைக்கவில்லை, நம் அறியாமைதான் அடைத்தது.

மூலநோயால் சிரமப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள் (புகாரி). நோன்பு வைக்க இயலாத அனஸ் (ரலி) அவர்கள் தம் தள்ளாத வயதில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்தார்கள். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் முதியவர், "உயிர் போனாலும் நோன்பை விட மாட்டேன்" என்றால், மருத்துவர் சொல்வதையும் அனஸ் (ரலி) அவர்கள் செய்ததையும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். சலுகையும் அல்லாஹ் கொடுத்ததுதான்.

வீட்டைச் சரி செய்வதும் இபாதத்

ரூம் அத்தியாயத்தில் (30:54) அல்லாஹ் மனிதனைப் பலவீனத்திலிருந்து படைத்து, பலத்தைக் கொடுத்து, மீண்டும் பலவீனத்தையும் நரையையும் கொடுப்பதாகச் சொல்கிறான். குழந்தை தவழத் தொடங்கியதும் வீட்டை மாற்றுகிறோம். கத்தியை மேலே வைக்கிறோம், படிக்கட்டை அடைக்கிறோம். பெற்றோர் தடுமாறத் தொடங்கும்போது எதை மாற்றினோம்?

முதியவர் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பலர் பழைய நடமாட்டத்துக்குத் திரும்புவதே இல்லை. பெரும்பாலும் விழுவது எங்கே? ஈரமான குளியலறையில், இரவில் கழிவறைக்குப் போகும் இருட்டில்.

செய்ய வேண்டியவை சின்ன விஷயங்கள். கழிவறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. வழுக்காத விரிப்பு. படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு முழுக்க எரியும் ஒரு சிறிய விளக்கு. தேய்ந்த செருப்புக்குப் பதில் புதியது. கைலி தரையில் புரளாமல் உயர்த்திக் கட்டுவது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கட்டிலின் ஓரத்தில் சற்று உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். மூன்று மருத்துவரிடம் காட்டுபவர் மூன்று சீட்டு வைத்திருப்பார். எல்லா மாத்திரையையும் ஒரே தாளில் எழுதி, போகும் இடமெல்லாம் காட்டுங்கள்.

காது மந்தமானவரிடம் கத்தாதீர்கள். கத்தினால் கோபமாகத்தான் கேட்கும். முகத்துக்கு நேராக உட்கார்ந்து, மெதுவாக, தெளிவாகப் பேசுங்கள். 17:23 வசனம் கேட்கும் கண்ணியமான பேச்சு என்பது சொல்லில் மட்டுமல்ல, குரலிலும் இருக்கிறது.

மறதி வந்தால்

எல்லாம் அறிந்திருந்தவர் எதையும் அறியாதவராக ஆகிவிடும் தள்ளாத வயதைக் குர்ஆன் குறிப்பிடுகிறது (16:70). அந்த நிலையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். ஆக, மறதி நோய் யாருடைய குற்றமும் அல்ல, கேலிக்குரியதும் அல்ல.

உம்மா ஒரே கேள்வியைப் பத்தாவது முறை கேட்கிறார். "இப்பத்தானே சொன்னேன்!" என்று எரிந்து விழுந்தால் அவருக்கு நம் பதில் நினைவில் நிற்காது, நாம் கோபப்பட்டது மட்டும் மனதில் தங்கும். பத்தாவது முறையும் முதல் முறை போலவே சொல்லுங்கள். "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று விருந்தாளிகள் முன்னால் பரீட்சை வைக்காதீர்கள். "உம்மா, உங்க மவன் வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் ஓரிரு நாளில் திடீரென்று உளறினால் அதை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் குறைவது, உப்புச் சத்தோ சர்க்கரையோ இறங்குவது என்று குணப்படுத்தக் கூடிய காரணங்கள் இருக்கும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

முதியவர் சொல்வதெல்லாம் பிதற்றல் என்றும் ஒதுக்காதீர்கள். யஃகூப் (அலை) அவர்கள் யூஸுஃபின் வாடையை நுகர்வதாகச் சொன்னபோது, சுற்றியிருந்தவர்கள் அதை அவருடைய பழைய தவறான எண்ணம் என்றார்கள் (12:94, 95). கடைசியில் அந்த முதியவர் சொன்னதுதான் உண்மையாக இருந்தது.

இது யாருடைய கடமை?

இங்கே ஆண்களாகிய நாம் நேர்மையாக இருக்க வேண்டும். 'என் உம்மாவை நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்பவர்களில் எத்தனை பேர் தம் கையால் உம்மாவுக்குச் சோறு ஊட்டியிருக்கிறோம்? பார்த்துக்கொள்வது மருமகள், நற்பெயர் மகனுக்கு. பெற்றோரைப் பேணும் கடமையை அல்லாஹ் பிள்ளைகள் மீதுதான் வைத்திருக்கிறான். மருமகள் செய்வது அவளுடைய உபகாரம். அதற்கு நன்றி சொல்லுங்கள், வேலையில் பாதியை நீங்கள் எடுங்கள், வாரத்தில் ஒரு நாளாவது அவளுக்கு ஓய்வு கொடுங்கள். சோர்ந்துபோனவரின் வாயிலிருந்துதான் 'உஃப்' வரும். அந்தச் சோர்வைப் பங்கு போடாத மகனுக்கும் அதில் பங்கு உண்டு.

வளைகுடாவில் உழைக்கும் சகோதரர்களே! நீங்கள் அனுப்பும் பணம் பெரிய உதவிதான். அதோடு தினமும் ஒரு நேரம் குறித்து, அதே நேரத்தில் அழையுங்கள். காத்திருக்க ஒரு நேரம் இருந்தால் அவர்களுடைய நாளுக்கு ஒரு பிடிப்பு வரும். அழைக்கும்போது, "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்பதோடு வைத்துவிடாதீர்கள். ஊர் விஷயம் கேளுங்கள், யோசனை கேளுங்கள்.

சொத்து எழுதி வாங்கும்போது

சொத்தை எழுதி வாங்கும் வரை ஒரு முகம், வாங்கிய பின் ஒரு முகம் காட்டும் பிள்ளைகளால் எத்தனையோ பஞ்சாயத்துகள் ஜமாஅத்துக்கு வருகின்றன. பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2007 ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி, தம்மைப் பராமரித்துக்கொள்ள முடியாத 60 வயது நிரம்பியவர்கள் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்டு கோட்டாட்சியரிடம் (ஆர்டிஓ) மனு கொடுக்கலாம். தம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பிள்ளைகள் கவனிக்காவிட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்க அதன் 23 ஆம் பிரிவில் வழி உண்டு. ஆகவே எழுதும்போதே நிபந்தனையைப் பத்திரத்தில் சேருங்கள். உதவியும் ஆலோசனையும் கேட்க முதியோருக்கான 14567 என்ற எண்ணை அழைக்கலாம்.

வழக்கு வரை போகாமல் இருப்பதே நல்லது. அதற்குப் பிள்ளைகள்தான் அல்லாஹ்வை அஞ்ச வேண்டும்.

பள்ளிவாசல் என்ன செய்யலாம்?

மக்கா வெற்றியின்போது, அபூபக்ர் (ரலி) அவர்கள் கண் பார்வை இழந்த தம் வயதான தந்தை அபூகுஹாஃபாவை நபி (ஸல்) அவர்களிடம் அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே விட்டிருந்தால் நானே அவரிடம் வந்திருப்பேனே என்றார்கள் நபி (ஸல்) அவர்கள் (அஹ்மத்). அப்போது அவர் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. முதியவரைத் தேடி நாம் போக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

உமர் (ரலி) அவர்கள், பிச்சை எடுத்த பார்வையற்ற யூத முதியவர் ஒருவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று கொடுத்தார்கள். பிறகு பைத்துல் மாலிலிருந்து அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் உதவ ஏற்பாடு செய்தார்கள். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் 'கிதாபுல் கராஜ்' நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் எந்த மதத்தவராக இருந்தாலும் நம் பொறுப்பில் அவருக்கும் இடம் உண்டு.

ஆகவே நம் மஹல்லாவுக்கு நான்கு கோரிக்கைகள்:

1. ஒளு செய்யும் இடத்தில் பாசி பிடிக்காமல் தேய்த்து, உட்காரும் மேடையின் அருகில் கைப்பிடி அமைக்க வேண்டும்.

2. நாற்காலியில் தொழுபவர்களை ஒரு பாரமாகப் பார்க்காமல், வாசலுக்கு அருகில் அவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.

3. வீட்டை விட்டு வெளியே வர முடியாத முதியோரின் பட்டியல் ஒன்றை எடுத்து, வாரத்தில் ஒருநாள் இரண்டு இளைஞர்கள் போய் ஸலாம் சொல்லி அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.

4. இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மருந்துகளை வீடு தேடித் தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கிறது. அதில் பெயர் பதிவாகாத முதியோரை ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைத்துவிட வேண்டும்.

அன்பானவர்களே! என் வாப்பாவுக்கு அந்த மஸ்அலாவை விளக்கிச் சொன்ன பிறகு அவர் இரண்டு வருடம் உயிரோடு இருந்தார். அந்த இரண்டு வருடமும் கடைசி ஸஃப்ஃபின் ஓரத்தில் அவருடைய நாற்காலி இருந்தது. இழந்துபோன அந்தச் சில மாதங்களை மட்டும் என்னால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும், சாப்பிட உட்காரும் முன் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். "உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எழுந்துவிடாதீர்கள்.

யா அல்லாஹ்! உயிரோடு இருக்கும் எங்கள் பெற்றோருக்கு உடல் நலத்தையும் மன அமைதியையும் தருவாயாக. மறைந்துவிட்டவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவாயாக. அவர்கள் விஷயத்தில் நாங்கள் செய்த குறைகளை மன்னிப்பாயாக. எங்களைத் தள்ளாத வயதின் இழிவிலிருந்து பாதுகாத்து, எங்கள் முதுமையில் எங்களிடம் கனிவோடு பேசும் பிள்ளைகளைத் தருவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.