ஏடும் அச்சும்

சொற்கள் பொருளுணர்த்துங் கருவிகள் என்பதை யாவரும் அறிவர். அச்சொற்கள் ஏட்டிலோ தாளிலோ எவ்வாறு அமைந்து நிற்கின்றன என்பதும் பொருளுணர்ச்சிக்குக் காரணமாதலை யாம் சென்ற ஆண்டுவரை கருதியதே இல்லை. அதனை எமக்குக் கற்பித்தது ஊர்க் கணக்கேடு ஒன்று.

எம் ஆசிரியர் அவ்வேட்டை வகுப்பிற்குக் கொணர்ந்து, படிக்குமாறு பணித்தார். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலுஞ் செருக்கோடு யாம் முதற் சொல்லை 'எரி' என்று படித்து, தீயால் அழிந்த நிலத்தின் கணக்கு இஃது எனப் பொருளுங் கூறினோம். "தீக்குக் கரையும் மதகும் எதற்கு?" என்று அவர் வினவிய பின்னரே அஃது 'ஏரி' என்பது எமக்குப் புலனாயிற்று. வகுப்பில் எழுந்த நகையொலி அடங்கச் சிறிது நேரஞ் சென்றது.

பிழை எம்முடையதே, ஆயினும் ஏட்டெழுத்தின் இயல்பும் அதற்கு இடந்தந்தது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதி. எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை கிழியும் என்று அஞ்சினர் போலும், ஏடெழுதுவோர் பெரும்பாலும் அதனை விடுத்தனர். விடவே, எரியும் ஏரியும் ஒன்றாயின. பெறுவும் பேறும் ஒன்றாயின. மெய்யெழுத்தும் புள்ளியிழந்து அகரமேறிய உயிர்மெய்யோடு மயங்கிற்று. 'கல்' என்பதற்கும் 'கல' என்பதற்கும் வடிவம் ஒன்றே. காலும் ரகரமும் வேறுபாடின்றி எழுதப்பட்ட ஏடுகளும் பல. அங்கெல்லாம் இடம் நோக்கியே எழுத்தைத் துணிதல் வேண்டும். இடமோ எழுத்தைக் கொண்டே விளங்குவது!

இம்மயக்கத்தை நீக்க முற்பட்டவர் இத்தாலி நாட்டினின்று வந்த வீரமாமுனிவர் (1680–1747). ஏகார ஓகார நெடில்களுக்கு வேறு வடிவமும், உயிர்மெய் நெடிலுக்குச் சுழித்த கொம்பும் வகுத்தார். அளவிற் சிறிய சுழியே அது. எனினும் அதனை யாம் இப்பொழுது நன்றியோடு நோக்குகின்றோம்.

ஏட்டில் சொற்களுக்கிடையே வெளியில்லை. பாட்டின் அடிகளும் பிரிந்து நில்லா. மூலம் எங்கு முடிந்தது, உரை எங்குத் தொடங்கிற்று என்று காண்பதும் அரிது. 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் அவர்கள் பட்ட பாட்டிற் பெரும்பகுதி இத்தகையதே. உரைநடையில் நிறுத்தக் குறிகளை ஆறுமுக நாவலர் (1822–1879) பேணி ஆண்டமையும் இங்கு நினைக்கற்பாலது.

எனினும் பிரித்து அச்சிடுதல் எங்கும் நன்றென்று யாம் கூறோம். 'தாமரை' என்னுந் தொடர் மலரையும் குறிக்கும்; தாவுகின்ற மரை எனவும் பிரியும். காளமேகப் புலவரின் சிலேடைகளுட் சில இத்தகைய பிரிவினாலேயே உயிர் வாழ்வன. பதிப்பாசிரியர் ஓரிடத்தில் வெளி விட்டாரேல், ஒரு பொருள் நின்று மற்றொன்று மறையும். அத்தகைய பாடல்களை முதலிற் சேர்த்தும், கீழே பிரித்தும் அச்சிடுதலே தகும் என்பது எம் கருத்து.

கணக்கேட்டைப் பின்னர் யாமே தாளிற் பெயர்த்தெழுதினோம். ஏரியும் மதகும் இனிது விளங்கின. ஏரிக்குக் கீழ்ப்பாலுள்ளது 'செறு'வா, 'சேறு'தானா என்பது மட்டும் தெளிவாகவில்லை. செறுவாயின் விளைவயல், சேறாயின் வெறுநிலம். இரண்டுமே அவ்விடத்திற்குப் பொருந்துகின்றன. ஆசிரியர் சொற்படி இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்திருக்கின்றோம்.