துணி துவைக்கிற இடம் பெண்ணுக்கு ஏற்றதாக இருக்கட்டும்



லயத்தில் துணி துவைக்கிறது பொதுப் பீலியில்தான். அங்கே பெண்ணுக்கென்று ஒரு மறைவு கிடையாது. 1977 கலவரத்துக்குப் பின் நம்மவர்கள் பலர் வன்னிக்குப் போய்க் குடியேறினார்கள். முரசுமோட்டை போன்ற வன்னி ஊர்களில் வீட்டு வளவிலேயே கிணறு உண்டு. அந்த வசதி இருந்தால், துவைக்கிற இடத்தை இப்படி அமைக்கலாம்:

1. மறைப்பு: மூன்று பக்கமும் கிடுகு அல்லது பனையோலைத் தட்டி கட்டுங்கள். மேலே திறந்திருக்கட்டும். உள்ளே தனிக் கொடி ஒன்று கட்டுங்கள். மாதவிலக்குத் துணியை வெட்கப்பட்டு இருட்டில் காயப்போட்டால் ஈரம் தங்கும், கிருமி வளரும், அரிப்பு, புண் வரலாம். சவர்க்காரம் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும்.

2. கல்: துவைக்கிற கல்லை இடுப்புயரத்தில் வையுங்கள். கொழுந்துக்கூடை சுமந்த முதுகு இனியும் குனிய வேண்டாமே!

3. தண்ணீர்: கிணற்றுக்குத் தள்ளியே துவையுங்கள். அழுக்குத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கு விடுங்கள். தேங்கினால் நுளம்பு பெருகும்.

4. அழகு: வாசலுக்குப் பழைய சேலையில் திரை, சவர்க்காரம் வைக்கச் சிரட்டை, ஓரத்தில் நித்தியகல்யாணி. செலவு அதிகமில்லை.

லயத்தில் இருப்பவர்களும் நாலு வீடு சேர்ந்து, வெயில் படுகிற இடத்தில் ஒரு தட்டி மறைப்பாவது கட்டலாம். ஆம்பளைகளே, அதைக் கட்டிக் கொடுப்பது உங்க பொறுப்பு!