கொசுவிரட்டியும் இல்லறத்தார் அகிம்சையும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சென்னையிலிருந்தும், வந்தவாசி, ஆரணிப் பக்கங்களிலிருந்தும் நம் சமண அன்பர்கள் பலர் குடும்பத்தோடு காவிரி நாட்டுக்கு யாத்திரையாக வருகின்றனர். தீபங்குடி ஜினாலயம், மன்னார்குடி மல்லிநாதர் ஆலயம், கும்பகோணம் சந்திரப்பிரபர் ஆலயம், தஞ்சைக் கரந்தை ஆதிநாதர் ஆலயம் ஆகியவற்றைத் தரிசித்து, உற்றார் வீடுகளில் இரண்டொரு நாள் தங்கிச் செல்வது வழக்கம். நன்னிலத்தில் உள்ள நம் இல்லத்திலும் மக்களும் பேரக்குழந்தைகளும் அவ்வாறு வந்து தங்குவதுண்டு. வருகின்றவர்கள் வாசலில் கால் வைத்ததும் கேட்கும் முதற்கேள்வி, "இங்கே கொசு எப்படி?" என்பதுதான். அதற்கு விடையாகவே இப்பாடத்தை எழுதுகின்றோம்.

எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறிவிடுகின்றோம். 2022-ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறையில் நம் இளைய மகள் தன் குழந்தைகளோடு வந்திருந்தாள். சூரியன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்ளும் வழக்கம் நம் இல்லத்தில் இன்றும் உண்டு. மாலை ஐந்து மணிக்குக் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் இலை போட்டுக் குழந்தைகளை உட்கார வைத்தோம். உண்டு முடித்து, விளக்கேற்றிய பிறகே கொசுக்களிம்பைத் தடவினோம். இரவில் வலையும் கட்டினோம். யாவும் செம்மையாகச் செய்தோம் என்றே எண்ணியிருந்தோம். ஊர் திரும்பிய ஆறாம் நாள் ஒன்பது வயதுப் பேரனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்றனர். ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்து, அறத்தின் துணையால் நலம் பெற்றான். அவனை எந்த ஊர்க் கொசு கடித்தது என்பதை எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. எனினும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அதிலும் விடிந்த சில மணி நேரமும், சூரியன் மறைவதற்கு முந்திய சில மணி நேரமும் அதற்கு மிக உகந்தவை. நாம் இலை போட்ட நேரம் அதுவே என்பது அப்போது நம் நினைவுக்கு வரவில்லை. நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவருக்கே இது தோன்றாமற் போயிற்று.

ஆகவே எந்தக் கொசு, எப்போது, எங்கே என்பதை அறிந்த பின்னரே எந்த விரட்டி என்னும் வினாவுக்குப் போக வேண்டும். நன்னிலம் முடிகொண்டான் ஆறு முதலிய காவிரிக் கிளைகள் பாயும் நெல் நிலம். குறுவைக்கும் சம்பாவுக்கும் நடவு முடிந்து வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும் நாட்களில், வயல்நீரிலேயே பெருகும் கியூலெக்ஸ் இனக் கொசுக்கள் அந்திப் பொழுதில் எழுகின்றன. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புபவை இவை. அந்நோயின் கிருமி பன்றிகளிலும், கொக்கு நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் தங்கி, கொசுவின் வழியே மனிதரை அடைகின்றது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1955-இல், நம் சமணர் மிகுந்து வாழும் பழைய வடார்க்காட்டின் வேலூரில் என்பதை நம்மவர் பலர் அறியார். சாக்கடையில் பெருகும் மற்றொரு கியூலெக்ஸ் வகை யானைக்கால் நோயைப் பரப்புவது. கும்பகோணம் வட்டாரம் ஒரு காலத்தில் அந்நோய்க்குப் பேர்போனது. ஆயினும் அது பலமுறை, பல மாதங்கள் கடிபட்டால் வரும் நோயாதலின், இரண்டு நாள் விருந்தினர் அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. மலேரியாக் கொசுவோ பெரும்பாலும் இரவில் கடிப்பது. ஏடிஸ் ஒன்றே பகற்கொசு. அது வயலை நாடாது. வீட்டுக்குள் தொட்டி, குடம், பூந்தொட்டித் தட்டு, எறியப்பட்ட தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றின் தெளிந்த நீரை நாடும்.

இனி நம் நெறிக்குரிய வினாவைக் காண்போம். கொசு நாலறிவு உயிர். மெய், வாய், மூக்கு, கண் என்னும் நான்கு பொறிகளை உடையது. தேனீயும் அவ்வரிசையில் அடங்குவதே. (நன்னிலத்து மதுவனேசுவரர் கோயிலின் தலபுராணம் தேனீக்களைப் போற்றுவது, அவ்வூரில் வாழ்ந்துகொண்டு கொசுவைப் பற்றி இப்படி எழுத நேர்ந்ததை எண்ணி நாமே சிரித்துக்கொண்டோம்.) இல்லறத்தாருக்குரிய அகிம்சை அணுவிரதம் இயங்குயிர்களை மனமறிந்து கொல்லுதலாகிய சங்கல்ப இம்சையை அறவே விலக்குகின்றது. சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்லப் பணிகளில் நேரும் ஆரம்ப இம்சையும், தொழிலில் நேரும் உத்யோக இம்சையும், தற்காப்பில் நேரும் விரோத இம்சையும் இல்லறத்தாரால் முற்றிலும் தவிர்க்க இயலாதவை. அவற்றைக் குறைத்துக்கொள்ளவே முயல வேண்டும்.

"முனிவர்கள் கொசுக்கடியைப் பொறுத்துக்கொள்கின்றனரே, நாம் பொறுத்தால் என்ன?" என்று பெரியவர் ஒருவர் நம்மிடம் வினவினார். தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் கூறும் இருபத்திரண்டு பரீஷகங்களுள் தம்சமசகம், அதாவது ஈ, கொசு முதலியவற்றின் கடியைச் சகித்தல், ஒன்று என்பது உண்மையே. ஆனால் அது துறவறத்தார் தாமே மேற்கொண்ட தவம். மூன்று வயதுக் குழந்தை விரதம் ஏற்கவில்லை. அதன் தலையில் நம் தவத்தை ஏற்றுவது தகாது என்பது நம் கருத்து. குழந்தையைக் காக்க வேண்டும். கொசுவையும் கொல்லாதிருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடம் தரும் பொருள் எது?

கடையில் "கொசுவிரட்டி" என்ற பெயரில் விற்கப்படுபவற்றுட் பல விரட்டிகள் அல்ல. சுருள்வத்தியிலும், மின்சாரத்தில் செருகும் திரவக் குப்பியிலும் உள்ளவை அலெத்ரின், டிரான்ஸ்புளூத்ரின், பிரல்லெத்ரின் போன்ற மருந்துகள். பைரீத்ரம் எனப்படும் ஒருவகைச் செவ்வந்தியின் பூவிலிருந்து முன்னர் எடுத்த நஞ்சைப் பின்பற்றி ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்டவை இவை. பூச்சியின் நரம்பைத் தாக்குவன. செறிவு குறைந்த இடத்தில் கொசு விலகிப் போகும். செறிவு மிகுந்தால் மயங்கி விழுந்து மடியும். உடன் இருக்கும் விட்டிற்பூச்சியும் சிலந்தியும் தப்புவதில்லை. மீன்களுக்கும் இம்மருந்து கொடியது. சுருள்வத்தியின் தீங்கு இவ்வளவோடு நிற்பதன்று. ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிப்படும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்ததற்கு ஈடாகும் என்று சீன, மலேசியச் சுருள்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டனர். சன்னலை அடைத்து அதைக் கொளுத்திவிட்டுக் குழந்தையைப் பக்கத்தில் கிடத்துகின்றோம்! மின்மட்டையைப் பற்றிக் கூறவே வேண்டாம். பேரன் அதை வீசி, "படபட" ஓசை கேட்டு மகிழ்வதைக் காட்டிலும் தெளிவான சங்கல்ப இம்சை வேறில்லை. அம்மட்டையை நம் இல்லத்தில் அனுமதிப்பதில்லை. ஒலியால் கொசுவை ஓட்டும் என்று விற்கப்படும் கருவியோ கொல்வதுமில்லை, ஓட்டுவதுமில்லை. பணம் மட்டுமே போகும்.

உண்மையான விரட்டி தோலில் பூசுவது. பெண்கொசு மட்டுமே கடிக்கின்றது. முட்டைக்கு வேண்டிய புரதத்துக்காக இரத்தத்தை நாடுகின்றது. நாம் வெளிவிடும் கரியமில வாயு, உடற்சூடு, வியர்வையின் மணம் இவற்றைப் பற்றிக்கொண்டு அது நம்மைத் தேடி வருகின்றது. பூசும் விரட்டி அதன் மோப்பத்தைக் குழப்பி, நம்மை அணுகவிடாது செய்கின்றது. கொசு சாவதில்லை, வேறிடம் போகின்றது. இதில் எது எத்தனை நேரம் நிற்கும் என்பதே தேர்வின் உயிர்நாடி. 2002-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தன்னார்வலர்களின் கைகளைக் கொசுக்கூண்டில் நுழைத்து இதனை ஆராய்ந்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ 24 பங்கு டீட் கலந்த பூச்சு சராசரி ஐந்து மணி நேரம் காத்தது. எலுமிச்சைப்புல் இனத்திலிருந்து வடிக்கும் சிட்ரோனெல்லா எண்ணெய்ப் பூச்சுகள் இருபது நிமிடத்துக்கும் குறைவாகவே காத்தன. மணிக்கட்டில் கட்டும் விரட்டிப்பட்டைகள் சிறிதும் பயன்படவில்லை. "இயற்கையானது" என்ற எழுத்தைக் கண்டதும் நம் பெண்மணிகள் மயங்கிவிடுகின்றனர். இருபது நிமிடத்தில் தீபங்குடி ஆலயத்தை ஒருமுறை வலம் வந்து முடிப்பதே அரிது.

டீட் 1940-களில் அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது. பிகாரிடின் என்பது பின்னர் வந்தது. மிளகிலுள்ள காரப்பொருளின் அமைப்பைத் தழுவியது. மணமும் பிசுபிசுப்பும் குறைவு. நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் ஓடோமாஸ் களிம்பில் இருப்பது டைஎதில் பென்சமைடு, நூற்றுக்கு 12 பங்கு. எதை வாங்கினும் உறையைப் படித்து வாங்க வேண்டும். சென்ற விடுமுறையில் வீட்டிலும் உறவினர் பைகளிலும் இருந்த பொருள்களையெல்லாம் பாயில் பரப்பி, பேரக்குழந்தைகளிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, மருந்தின் பெயர், பங்கு, வயது வரம்பு, பதிவு எண், முடிவு நாள் ஆகிய ஐந்தையும் தேடச் சொன்னோம். ஒன்றில் பதிவு எண்ணே இல்லை. அது ஒரு வத்தி, பெட்டிக்கடையில் வாங்கியது. பூச்சிக்கொல்லிகள் சட்டம் 1968-இன்படி பதிவு பெறாத இத்தகைய வத்திகளில் என்ன மருந்து எவ்வளவு கலந்திருக்கின்றது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. மற்றொரு களிம்பில் தேன்மெழுகு இருந்தது. தேனை விலக்கும் நாம் அதனையும் விலக்கினோம். உணவுப் பொட்டலத்தில் காணும் பச்சைப் புள்ளியை நம்பிப் பழகியவர்கள், இப்பொருள்களில் அது இருக்கும் என்று எதிர்பாராமல் எழுத்துக்கூட்டிப் படித்தல் நலம்.

பூசும் முறையில் பலர் தவறுகின்றனர். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு டீட் கூடாது. அதற்கு வலையே காப்பு. யூகலிப்டஸ் எலுமிச்சை எண்ணெய் விரட்டி மூன்று வயதுக்குட்பட்டோருக்கு ஆகாது. குழந்தைகளுக்குப் பெரியவர் தம் உள்ளங்கையில் எடுத்துப் பூச வேண்டும். குழந்தையின் உள்ளங்கையிலும் கண், வாய்ப் பக்கத்திலும் புண்ணிலும் படக்கூடாது. நாம் கையால் உண்பவர்கள் ஆதலின் இது மிக முக்கியம். துணி மூடிய இடத்தில் பூச வேண்டாம். வியர்த்தால் உறையில் குறித்த இடைவெளிப்படி மீண்டும் பூசலாம். படுக்குமுன் சோப்பிட்டுக் கழுவிவிட வேண்டும்.

களிம்புக்கும் முந்திய இடத்தை நாம் வலைக்கே தருகின்றோம். ஆனால் வலையிலும் இருவகை உண்டு. மருந்து தோய்த்த வலை தன்மீது அமரும் கொசுவைக் கொல்லும். வெறும் வலை தடுக்க மட்டுமே செய்யும். கடைக்காரரிடம் மருந்திடாத வலை என்று கேட்டு வாங்க வேண்டும். குடைபோல் மடங்கும் சிறு வலை பயணத்துக்கு ஏற்றது. பகலில் தூங்கும் குழந்தைக்கும் அதைக் கவிழ்க்கலாம். அடுத்தது மின்விசிறி. கொசு காற்றை எதிர்த்துப் பறக்க வலுவற்றது. நம் மூச்சின் தடமும் காற்றில் கலைந்துவிடும். மாலை உணவின்போது ஒரு மேசைவிசிறியைக் காலடிப் பக்கம் திருப்பி வைத்தாலே வேறுபாடு தெரியும். நொச்சித்தழைப் புகையும் வேப்பிலைப் புகையும் நம் முன்னோர் வழக்கம். கொசு சற்று விலகும் என்பது மெய். எனினும் புகை குழந்தைகளின் மூச்சுக்கு ஆகாது. அந்தியில் மூட்டும் நெருப்பில் விழும் பூச்சிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேங்கிய நீரைப் பற்றி ஒரு கடினமான வினா எஞ்சுகின்றது. தொட்டியில் கொசுப்புழு நெளிந்தால் அதைத் தரையில் கொட்டுவது கொலையன்றோ என்று பேத்தி கேட்டாள். ஆம், கொலைதான், மழுப்பிப் பயனில்லை. வீடு தூய்மை செய்வதில் நேரும் ஆரம்ப இம்சையோடு அதைச் சேர்த்து எண்ணலாமேயன்றி, இம்சையே இல்லை எனக் கூற இயலாது. முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாட்கள் ஆகும். முட்டையே இடாதபடி முன்கூட்டி மூடிவிட்டால் அவ்வினாவே எழாது. குடிநீர்க் குடத்தை வெள்ளைத் துணியால் வேடுகட்டி, வடித்தே பருகிய நம் பாட்டிமார் இதனை ஏடிஸ் என்ற பெயர் அறியாமலே செய்து வந்தனர். விருந்தினர் வருவதற்குப் பத்து நாள் முன்பே தொட்டி, குடம், வாளி அனைத்தையும் உலர்த்தி மூடிவிட வேண்டும். ஏடிஸ் முட்டை உலர்ந்த பாத்திரத்தின் பக்கச் சுவரில் பல மாதம் உயிரோடு ஒட்டியிருக்கும். அதனால் ஆண்டு முழுவதும் மூடி வைத்தலே சாலச் சிறந்தது.

ஊர் திரும்பிய பின் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், சென்று வந்த இடத்தை மருத்துவரிடம் கூறுங்கள். அவர் பார்க்கும் வரையில் ஆஸ்பிரின், இபுபுரூபன் மாத்திரைகளைத் தரவேண்டாம். டெங்குவாயின் இரத்தக்கசிவை அவை மிகுவிக்கும்.

இவ்வாண்டு விடுமுறைக்கு மகள் வருமுன் அவளுக்கு எழுதிய கடிதத்தில், மருந்திடாத வலை இரண்டு, பதிவு எண் உள்ள களிம்பு ஒன்று, வெளிர்நிற முழுக்கைச் சட்டைகள் ஆகியவற்றைக் குறித்திருந்தோம். களிம்பு பூசும் நேரம் மாலை நான்கரை மணி என்று எழுதி, அதன் கீழ் இரண்டு கோடு இட்டோம்.