வராத பிள்ளையைத் தேடிப் போங்கள்

திருத்தணி வட்டாரப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கும், மாலை வகுப்பு எடுக்க முன்வரும் இளைஞர்களுக்கும் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் சொல்லிக்கொள்வது. ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் என்பதால் ஆசிரியர் தினமான செப்டம்பர் 5 அன்று நமக்கு மரியாதைக்குக் குறைவில்லை. மற்ற நாட்களுக்கு இவை.

1. வருகைப் பதிவேட்டில் வராதவர்களின் பெயரை முதலில் பாருங்கள். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் நான்காம் நாள் மாலை அந்த வீட்டு வாசலில் நில்லுங்கள். ஒரு மாதம் விட்டுப் போனால் பையன் கூலி பார்த்திருப்பான். பிறகு அழைத்து வருவது லேசான காரியமில்லை.

2. ஊரின் வேலைக் காலங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆடிக் கிருத்திகை வந்தால் மலையடிவாரக் கடைகளில் பூவும் கற்பூரமும் விற்க ஆள் தேவைப்படும். பொதட்டூர்பேட்டைப் பக்கம் தறி வீடுகளில் தார் சுற்றப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். பொங்கலை ஒட்டிச் சில குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். எந்தச் சூளை, எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அந்த ஊர்ப் பள்ளிக்கு அன்றைக்கே போன் போடுங்கள்.

3. காகிதம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்கு வயதுச் சான்று இல்லை, டி.சி. இல்லை என்று சொல்லி இடம் மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தரவேண்டும். பெயரை முதலில் எழுதுங்கள்.

4. சாதிச் சான்றுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே மனு போட வையுங்கள். இருளர் வீடுகளில் பெரும்பாலும் பெற்றோரிடமே சான்று இருக்காது. நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2023இல்தான். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் விசாரித்துத் தருவது, நாளாகும். பத்தாம் வகுப்பு முடித்தபின் அலைந்தால் உதவித்தொகை, விடுதி, மேற்படிப்பு எல்லாமே தட்டிப்போகும். கூலியை விட்டுவிட்டு அந்தப் பெற்றோர் கோட்டாட்சியர் ஆபீசுக்கு நடையாய் நடக்கிறார்கள். ஒருமுறை நீங்களும் கூடப் போங்கள், அங்கே பேச்சே மாறும்.

5. வகுப்பே சேர்ந்து சத்தமாகப் படிக்கும்போது ஏமாந்துவிடாதீர்கள். பக்கத்தில் போய் விரலைப் பாருங்கள். வாய் மூன்றாம் வரியைச் சொல்லும். விரல் முதல் வரியிலேயே நிற்கும். அந்தப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்திப் பயனில்லை. எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தாமல், தினமும் கால் மணி நேரம் தனியாக உட்கார வைத்து 'அ'விலிருந்து தொடங்குங்கள்.

6. வீட்டு மொழியைக் கேலி செய்யாதீர்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து நம் மாநிலத்துக்கு வந்தது. எல்லைதான் நகர்ந்தது, பல வீடுகளில் இன்றும் தெலுங்குதான். நரிக்குறவர் வீடுகளில் வாக்ரிபோலி. புத்தகத் தமிழில் கேட்ட கேள்விக்கு வாய் திறக்காத பிள்ளையை மக்கு என்று முடிவுகட்டாதீர்கள். "உங்க வீட்ல இதுக்கு என்னம்மா சொல்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

7. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. தொடக்கப் பள்ளியில் இருப்பவர்கள் அந்த நேரத்துக்கு வந்துவிடுங்கள். யார் வெறும் வயிற்றோடு வருகிறார்கள், யார் தம்பிக்கென்று எடுத்து வைக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

8. பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தும் பேச்சு எழும். அதற்கு முன்பே தாயிடம் பேசுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் உண்டு என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கல்யாணப் பேச்சு வந்துவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தயங்காமல் சொல்லுங்கள்.

சட்டம் இருக்கிறது, சோறு இருக்கிறது, பணமும் ஓரளவு இருக்கிறது. குடிசை வரை அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் போதவில்லை. தம்பிகளே, தங்கைகளே, சம்பளத்துக்குப் பாடம் நடத்துங்கள்; இந்தப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் நடக்கவும் செய்யுங்கள்.