மூடுபனி மேல் ஒரு பழி

சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்தும் மேலேறி, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் நிற்கும் சேர்வராயன் கோயிலைத் தரிசிப்பவர்கள், தலையைக் குனிந்துகொண்டே அங்குள்ள குகைச் சன்னிதிக்குள் புகவேண்டும். சேர்வராயரும் காவேரியம்மனும் எழுந்தருளியிருக்கும் அக்குகை பூமிக்கடியில் நெடுந்தொலைவு சென்று காவேரியைச் சேர்கிறது என்று பக்தர்கள் சொல்வதுண்டு. தெய்வத்தைப் பற்றிய நம்பிக்கையை அளவுகோல் கொண்டு சோதிப்பது என் வேலையன்று. ஆனால் கோயிலைச் சூழ்ந்த புல்வெளியில், தம் கையால் செய்த சிறு ரோபோ வண்டியை ஓட்டிப் பார்க்க விரும்பும் இளைஞர்கள், அதை இயக்கும் வயர்லெஸ் போர்டு வாங்கும் விஷயத்தில் கொண்டிருக்கும் நம்பிக்கைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவை பணத்தையும் உற்சாகத்தையும் ஒருங்கே கரைப்பவை.

நம்பிக்கை: வேகம் மிகுந்த போர்டே உத்தமமானது.

உண்மை: அர்டுயினோ ஊனோ என்னும் பழைய போர்டு 16 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 2 கிலோபைட் நினைவகமுமே உடையது, 2016-இல் ஷாங்காய் நகரத்து எஸ்பிரெசிஃப் நிறுவனம் வெளியிட்ட இஎஸ்பி32 சிப்போ 240 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரட்டை மூளையும் 520 கிலோபைட் நினைவகமும் வாய்ந்தது. எனினும் கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் வண்டிக்கு முன்னதே தாராளம். சக்கரம் திசைதிரும்பும் சிறுபொழுதுக்குள் அக்கிழட்டுச் சிப் லட்சத்துக்கு மேற்பட்ட கட்டளைகளை முடித்துவிட்டுக் காத்திருக்கும். வயர்லெஸ் வேண்டும்போதுதான் பின்னதற்கு அவசியம் பிறக்கிறது. புதியதில் பழையதன் குணங்களெல்லாம் அடங்கியிருக்கும் என்பதும் பிரமையே: பிற்பாடு வந்த இஎஸ்பி32-எஸ்3, கைப்பேசிச் செயலிகள் சில எதிர்பார்க்கும் பழைய முறைப் புளூடூத்தை அறியாது.

நம்பிக்கை: மோட்டார் சுழலத் தொடங்கியதும் ரிசெட் ஆகும் போர்டு பழுதானது.

உண்மை: பெரும்பாலும் குற்றவாளி பேட்டரியே. வைஃபை அலையை அனுப்பும் கணத்தில் இஎஸ்பி32 சுமார் 240 மில்லியாம்பியர் வரை இழுக்கும். எஸ்ஜி90 என்னும் சிறு சர்வோ மோட்டாரும் தடைப்பட்டு நின்றுவிட்டால் 600 மில்லியாம்பியருக்கு மேல் கேட்கும். தீப்பெட்டி போன்ற சதுர 9 வோல்ட் பேட்டரி இவ்விரண்டு பசிகளையும் ஒரே வேளையில் ஆற்ற இயலாமல் வோல்டேஜில் சரிய, சிப் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டே மறுபடி தொடங்குகிறது. மோட்டாருக்கு 18650 லித்தியம் செல்களையும் போர்டுக்குத் தனி மின்வழியையும் அளித்து, இரண்டின் கிரவுண்ட் கம்பியையும் ஒன்றாக இணைத்துவிட்டால் பழுதென்று ஒதுக்கப்பட்ட போர்டு உயிர்பெற்றுவிடும்.

நம்பிக்கை: வைஃபை போர்டுக்கு இணையம் வேண்டும், ஆகவே மலையுச்சியில் அது வீண்.

உண்மை: இணையம் வேறு, வைஃபை வேறு. போர்டே ஒரு ரௌட்டராக வேஷம் பூண்டு, கைப்பேசியை நேராகத் தன்னோடு இணைத்துக்கொள்ளும். இஎஸ்பி-நவ் என்னும் முறையிலோ, இரண்டு போர்டுகள் இடையில் எவருமின்றி, அதன் முதல் பதிப்பிலேயே ஒரு தடவைக்கு 250 பைட் வரையில் தமக்குள் பேசிக்கொள்ளும். முன்னே, பின்னே, நில் என்பதற்கு அதில் பத்துப் பைட்டே போதும்.

நம்பிக்கை: மூடுபனி சிக்னலை விழுங்கிவிடுகிறது.

உண்மை: இது மலைவாசத்துக்கே உரிய நம்பிக்கை, கண்ணுக்கு மறைவது அலைக்கும் மறையும் என்று நினைப்பது இயல்புதான். ஆயினும், பனித்திவலை ஒன்றின் குறுக்களவு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கோ இரு பங்கோதான், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 12.5 சென்டிமீட்டர். அத்துகள்களால் சில நூறு மீட்டருக்குள் அவ்வலைக்கு நேரும் நஷ்டம் பொருட்படுத்தத் தக்கதன்று. அலையை உண்மையில் உண்பவை, அப்பனியால் நனைந்து சொட்டும் சில்வர் ஓக் மரங்களின் இலைகளும், அவற்றின் நிழலில் அடர்ந்த காப்பிச் செடிகளுமே. புல்வெளியில் இசைந்து ஓடிய வண்டி காப்பித் தோட்டத்துக்குள் சில வரிசை சென்றதும் செவிடாவது இதனாலேயே. தரையோடு ஒட்டி ஊரும் வண்டியின் ஆன்டெனா மோட்டாருக்கும் தகட்டுக்கும் அடியில் புதைந்திருந்தால் கஷ்டம் இரட்டிக்கும். பனி செய்யும் தீங்கு வேறொன்று: போர்டின் மேல் நீராய்ப் படிந்து, பின்களுக்கிடையே கசிவை உண்டாக்கும். அதற்கு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும்.

நம்பிக்கை: தூரம் வேண்டுமானால் லோரா என்னும் நெடுந்தூர வயர்லெஸ் முறையின் போர்டே சர்வரோக நிவாரணி.

உண்மை: இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தத்தக்க 865–868 மெகாஹெர்ட்ஸ் லோராவின் அலைநீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர், இலைகளுக்கிடையே அது எளிதில் நுழைந்து செல்லும். ஆனால் அதன் பேச்சு மெதுவானது. தூரத்துக்கேற்ப வினாடிக்குச் சுமார் 300 பிட்டிலிருந்து 5,500 பிட் வரையே. தோட்டத்தின் ஈரத்தைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அறிவிக்கும் கருவிக்கு அது அமிர்தம். கேமராப் படம் அனுப்பும் வண்டிக்கு அதனால் பிரயோஜனம் சிறிதுமில்லை. அந்த உரிமமற்ற எல்லைக்கு வெளியே, 915 மெகாஹெர்ட்ஸுக்கென்று அமைந்த போர்டை மலிவென்று வாங்கிவிடுவதும் தவறே.

ஆதலால், வாங்கச் செல்லுமுன் வண்டி யாரோடு பேசவேண்டும், எவ்வளவு பேசவேண்டும், நடுவே நிற்பது புல்லா இலையா, பேட்டரி எத்தனை ஆம்பியர் தாங்கும் என்னும் நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வது நலம். போர்டின் பெயர் ஐந்தாவது வரியில் வரட்டும். முதல் வரியிலேயே அதை எழுதிவிட்டவர்கள்தாம், பிறகு புல்வெளியில் நின்றுகொண்டு, ஒரு பாவமும் அறியாத பனியைக் கடிந்துகொள்கிறார்கள்.