கோபுரம் அப்புறம், முதலில் தரை

தங்கச்சி, பத்தாம் வகுப்பில் ஏற்றக் கோணக் கணக்கெல்லாம் நன்றாகத்தான் போட்டாய். ஒரு கோபுரம், ஒரு ஆள், ஒரு செங்கோண முக்கோணம், டேன் போட்டால் விடை. இப்போது ஒருவர் தெற்கே, இன்னொருவர் கிழக்கே என்றதும் பேனா நின்றுவிடுகிறது. நிமிர்ந்து நிற்கும் இரண்டு, தரையில் ஒன்று என மூன்று முக்கோணங்களையும் ஒரே படத்தில் திணிக்கிறாய், அதனால்தான்.

கோபுரத்தை உடனே வரையாதே. காக்கா மேலிருந்து பார்ப்பதுபோல் தரையை மட்டும் தனியாக வரை. அதில் கோபுரம் வெறும் புள்ளி. ஓ என்று பேர் வை. 1802இல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற அளவையாளர் நில அளவையைத் தொடங்கியபோதுகூட முதலில் தரையில் ஓர் அடிக்கோட்டைத்தான் அளந்தார்.

ஒன்று போட்டுப் பார்ப்போம். கோபுரத்துக்கு நேர் தெற்கே ஏ, அங்கே ஏற்றக் கோணம் 45°. நேர் கிழக்கே பி, அங்கே 30°. ஏபி 120 மீட்டர். உயரம் எச் என்றால் தரைத் தூரம் எப்போதும் எச் × காட். அதனால் ஓஏ = எச், ஓபி = √3 எச். செங்கோணம் ஓவில் இருக்கிறது. நிறையப் பேர் அதை ஏயில் போட்டுவிடுகிறார்கள். பித்தாகரஸ் போடு: எச்² + 3எச்² = 120². எச் = 60 மீட்டர்.

ஏபி மேல் மட்டும் டேன் போடவே போடாதே. அந்தக் கோடு கோபுரத்தின் அடியைத் தொடவில்லை. நம்பிக்கை வரவில்லையா, நோட்டில் ஓவில் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஏ, பி இரண்டிலிருந்தும் அதன் நுனிக்கு நூல் இழுத்துப் பார்.

இப்போது பியை நேர் கிழக்கே வைக்காமல், தெற்கிலிருந்து கிழக்கு நோக்கி 30° மட்டும் திருப்பி வை. ஓவில் 30°, ஆகவே கொசைன் விதி: 120² = எச்² + 3எச்² − 3எச்². எச் 120 ஆகிவிட்டது! ஏற்றக் கோணங்களும் ஏபியும் மாறவே இல்லை, ஆனால் உயரம் இரட்டிப்பு. திசையைச் சொல்லும் வரியை இரண்டு முறை படி என்று நான் நச்சரிப்பது இதற்குத்தான்.

√3ஐக் கடைசி வரி வரை அப்படியே வைத்திரு. கோணம் சிறியதாக இருக்கும் ஆள்தான் தள்ளி நிற்க வேண்டும். அதையும் ஒருமுறை சரிபார்.

ஒரே கோட்டில் இல்லாத மூன்று இடங்களில் ஏற்றக் கோணம் ஒன்றேதான் என்று வந்தால் சந்தோஷப்படு. மூன்று தரைத் தூரமும் சமம், அதனால் கோபுரத்தின் அடி அந்த முக்கோணத்தின் சுற்றுவட்ட மையம். ஆரத்தைக் கண்டுபிடித்து டேனால் பெருக்கினால் உயரம்.